வேலைக்குப் போகிறவர்களுக்கு வேலைநாளில் தேர்வு வைக்காதீர்கள்

துணைவேந்தர் அவர்களுக்கும், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களுக்கும், ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

வரும் பருவத்திலிருந்து தொலைநிலைக் கல்வித் தேர்வுகள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்காது, திங்கள் முதல் வெள்ளி வரை அடுத்தடுத்த நாள்களில் நடக்கும் என்று தங்கள் அலுவலகம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதே சுற்றறிக்கையில் இன்னும் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஓசூரில் இருந்த தேர்வு மையம் எடுக்கப்படுகிறது. இங்குள்ளவர்கள் இனி கிருஷ்ணகிரிக்குப் போய் எழுத வேண்டும். அச்சிட்ட பாடநூல்கள் இனி அஞ்சலில் வராது. இணையத்திலிருந்து இறக்கிப் படித்துக்கொள்ள வேண்டும். மூன்றுக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கும் காரணம் நிர்வாக வசதி.

இந்த முடிவை எடுத்த கூட்டத்தில் எங்களில் ஒருவர்கூட இருந்திருக்க முடியாது. இருந்திருந்தால் எழுந்து மறுத்திருப்பார். அங்கே சொல்ல ஆளில்லாமல் போனதை இங்கே எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. அதற்கு அவப்பெயர் தேடித் தருவது என் நோக்கம் அன்று. சுற்றறிக்கை யாருடையது என்பது தங்களுக்குத் தெரியும். என்னோடு படிக்கிறவர்களுக்கும் தெரியும்.

நான் ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். ஏ ஷிப்ட் காலை 6 மணிக்கு, பி ஷிப்ட் பிற்பகல் 2 மணிக்கு, சி ஷிப்ட் இரவு 10 மணிக்கு. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் வீட்டு நிலைமையால் வேலைக்கு வந்தவள். ஸ்டோர்ஸ், கணக்கு, கொள்முதல் போன்ற பிரிவுகளுக்கு மாற வேண்டுமென்றால் பட்டம் கேட்கிறார்கள். அதனால்தான் தங்கள் பல்கலைக்கழகத்தில் பி.காம். சேர்ந்தேன். இப்போது இரண்டாம் ஆண்டு. கட்டணம் எங்களால் கட்ட முடிந்த அளவில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைத் தொடர்பு வகுப்புகளில் பாடம் எடுத்த ஆசிரியர்கள் பலர் அக்கறையோடுதான் எடுத்தார்கள். இதுவரை நடந்ததில் பெரிய குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. குறை இனி நடக்கப் போவதில்தான்.

விடுப்பு என்பது எங்களுக்கு என்ன என்று முதலில் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஒரு கணக்கை வகுத்தது. 20 நாள் வேலை செய்தால் ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு. தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளில் ஆண்டுக்கு 9 நாள் தேசிய, பண்டிகை விடுமுறை. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. இவை போக ஒரு தொழிலாளி ஆண்டு முழுவதும் தவறாமல் வேலைக்கு வந்தால் சுமார் 300 நாள். அதற்குக் கிடைப்பது 15 நாள் விடுப்பு. தாங்கள் ஒரு பருவத்துக்கு ஐந்து வேலைநாள் தேர்வு வைக்கிறீர்கள். ஐந்து நாள் என்றால் நாங்கள் நூறு நாள் உழைத்துச் சேர்த்த விடுப்பு. இரண்டு பருவத்துக்கும் சேர்த்து ஆண்டில் பத்து நாள் தேர்வுக்கே போய்விடும். மிச்சம் ஐந்து நாள். பிள்ளைக்குக் காய்ச்சல், ஊரில் ஒரு சாவு, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, பொங்கலுக்கு ஊருக்குப் போனால் பஸ் கிடைக்காமல் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவது, எல்லாம் அந்த ஐந்துக்குள் அடங்க வேண்டும்.

அந்த விடுப்பையும் நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது. 15 நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும், ஆண்டில் மூன்று முறைக்கு மேல் பிரித்து எடுக்கக்கூடாது என்பதும் அந்தச் சட்டம் போட்ட விதிகள்தாம். எங்கள் மனிதவளப் பிரிவில் இன்றைக்கும் அதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் தங்கள் தேர்வுக் கால அட்டவணை போன பருவத்தில் எப்போது வந்தது? தேர்வுக்குப் பத்து நாள்கூட இல்லாத நிலையில் வந்தது. அப்போது தேர்வு ஞாயிற்றுக்கிழமைகளில் இருந்ததால் தப்பித்தோம். அதே தாமதத்தோடு வேலைநாளில் தேர்வு வைத்தால், விடுப்பு கேட்கும் உரிமைகூட எங்களுக்கு இருக்காது. மேற்பார்வையாளர் நல்லவராக இருந்தால் தருவார். உற்பத்தி நெருக்கடி இருந்தால் அவராலும் தர முடியாது.

இதில் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. பல தொழிற்சாலைகளில் மாதம் முழுவதும் விடுப்பே எடுக்காமல் வந்தால் ‘அட்டென்டன்ஸ் போனஸ்’ என்று ஒரு தொகை தருவார்கள். ஒரு நாள் வராவிட்டாலும் அந்த மாதத்துத் தொகை முழுவதும் போய்விடும். எங்களில் பலர் வீட்டு வாடகையில் ஒரு பங்கை அதிலிருந்துதான் கொடுக்கிறோம். ஒப்பந்தத் தொழிலாளர்களின் பாடு இன்னும் மோசம். அவர்களுக்கும் சட்டப்படி விடுப்பு உண்டு, ஆனால் ஒப்பந்ததாரர் தந்தால்தான். தொடர்ந்து ஐந்து நாள் வராவிட்டால் ஆறாம் நாள் அந்த இயந்திரத்தின் முன்னால் வேறொருவர் நிற்பார். என் வகுப்பில் இப்படி ஒப்பந்தத்தில் இருப்பவர்கள்தான் அதிகம். அவர்கள் இந்தப் பருவத் தேர்வை எழுதப் போவதில்லை என்று இப்போதே முடிவு செய்துவிட்டார்கள். எழுதாத தாள்கள் அரியராக நிற்கும். அரியர் குவிந்தால் படிப்பு நிற்கும். தங்கள் பதிவேட்டில் அவர்கள் ‘தேர்வுக்கு வராதவர்கள்’ என்று இருப்பார்கள். அவர்களாக வராமல் போகவில்லை என்பதைத் தாங்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைத் தேர்வே எல்லாருக்கும் பொருந்தியது என்று நான் சொல்லவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும். என்னோடு படிக்கும் ஒரு தனியார் மருத்துவமனைச் செவிலியருக்கு ஞாயிறும் டியூட்டி நாள்தான். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஓய்வு எந்த நாளில் வரும் என்பது டிப்போ பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும். துணிக்கடையில் வேலை செய்யும் ஒரு தங்கைக்கு ஞாயிறுதான் கூட்டம் அதிகம். அன்று விடுப்பு கேட்கவே பயப்படுவாள். ஆனாலும் ஞாயிறு என்றால் ஏதோ ஒரு வழி இருந்தது. செவிலியர் ஒரு நாள் டியூட்டியைத் தோழியோடு மாற்றிக்கொண்டார். துணிக்கடைத் தங்கை அந்த ஒரு நாளுக்காக அடுத்த வாரம் தன் ஓய்வு நாளை விட்டுக்கொடுத்தாள். வாரத்துக்கு ஒரு நாளை மாற்றிக்கொள்ளலாம். தொடர்ந்து ஐந்து நாளை யாரோடு மாற்றிக்கொள்வது?

இனி மையம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி சுமார் 50 கிலோமீட்டர். வரைபடத்தில் பார்த்தால் நேராக ஒரு நெடுஞ்சாலை. ஒரு மணி நேரப் பயணம் என்று யாரோ கணக்குப் போட்டிருப்பார்கள். ஆனால் நாங்கள் எல்லாரும் ஓசூர் பஸ் நிலையத்திலேயே குடியிருக்கவில்லை. தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்தும் தளிப் பக்கத்திலிருந்தும் வருகிறவர்கள் ஓசூருக்கு வந்து சேருவதே ஒரு பயணம். இரவு ஷிப்ட் முடித்து 6 மணிக்குத் தொழிற்சாலையை விட்டு வெளியே வருகிறவள், குளித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, 10 மணிக்குக் கிருஷ்ணகிரியில் தேர்வறையில் உட்கார வேண்டும். 1 மணிக்கு முடித்துத் திரும்பி வந்தால் தூங்கச் சில மணி நேரம். மறுபடி 10 மணிக்கு ஷிப்ட். விடுப்பு கிடைக்காதவர்கள் இப்படித்தான் ஐந்து நாளும் எழுத வேண்டியிருக்கும். இப்படி எழுதிய விடைத்தாளில் ஒருவர் படித்தது தெரியுமா, அவருடைய உறக்கமின்மை தெரியுமா?

அச்சு நூலை நிறுத்தும் முடிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத் தாங்கள் சிறிய மாற்றம் என்று நினைத்திருப்பீர்கள். எங்கள் தொழிற்சாலைக்குள் கைப்பேசி எடுத்துப் போகக்கூடாது. வாயிலில் செக்யூரிட்டியிடம் பூட்டறையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஓசூரில் பல தொழிற்சாலைகளில் இதுதான் நடைமுறை. உற்பத்தி முறைகளைப் படம் எடுத்துவிடுவார்கள் என்ற அச்சமும், இயந்திரத்தருகே கவனம் சிதறிவிடும் என்ற அச்சமும் நியாயமானவைதாம். ஆனால் புத்தகத்தை யாரும் தடுக்கவில்லை. தங்கள் பல்கலைக்கழகம் அனுப்பிய அடக்கவிலைக் கணக்கியல் நூலைச் சாப்பாட்டுப் பையில் வைத்து எடுத்துப் போவேன். கேன்டீனில் சாப்பாட்டு நேரம் அரை மணி. பத்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு இருபது நிமிடம் படிப்பேன். அட்டையில் சாம்பார் கறை, ஓரங்களில் மடிப்பு. முதல் ஆண்டு நூல்கள் எல்லாம் அப்படித்தான் இருக்கின்றன. என் படிப்பில் பாதி அந்த மேசையில் நடந்தது. இனி பாடம் கைப்பேசிக்குள் இருக்கும், கைப்பேசி பூட்டறைக்குள் இருக்கும்.

வீட்டில் படிக்கலாமே என்பீர்கள். வணிகவியல் பாடத்தைக் கைப்பேசியில் திறந்து பார்க்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பேரேட்டுக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. இரண்டையும் ஒருசேரப் பார்த்தால்தான் கணக்கு மண்டையில் ஏறும். கைப்பேசித் திரையில் பற்றுப் பக்கத்தை எழுத்துத் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கினால் வரவுப் பக்கம் மறைந்துவிடும். விரலால் தள்ளித் தள்ளி அந்தப் பக்கம் போவதற்குள் இந்தப் பக்கத்து எண் மறந்துவிடும். தாங்கள் இணையத்தில் ஏற்றியிருக்கும் சில அலகுகள் பழைய நூலை அப்படியே ஸ்கேன் செய்தவை. சில பக்கங்கள் சாய்ந்தும் சில பக்கங்கள் மங்கியும் இருக்கின்றன. மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு இது சிறு தொல்லை. மடிக்கணினி இல்லாதவர்களுக்கு இது பாடநூலே இல்லாத நிலை. அச்சிட்டுக்கொள்ளலாம் என்றால் ஜெராக்ஸ் கடையில் ஐந்து தாளுக்கும் பக்கம் பக்கமாகக் காசு கொடுக்க வேண்டும். நூலுக்கான செலவைப் பல்கலைக்கழகம் எங்கள் தலையில் வைத்ததாகத்தான் ஆகும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி தொலைநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. நான்கு கிரெடிட் உள்ள ஒரு தாளுக்கு 120 மணி. ஐந்து தாளுக்கு 600 மணி. ஒரு பருவத்தின் 26 வாரங்களுக்குப் பிரித்தால் வாரத்துக்கு 23 மணி நேரம். வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்துவிட்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு, இந்த 23 மணியை நாங்கள் எங்கிருந்து எடுக்கிறோம்? கேன்டீன் மேசையிலிருந்து எடுக்கிறோம். கம்பெனி பஸ்ஸிலிருந்து எடுக்கிறோம். பிள்ளைகள் தூங்கிய பிறகு எடுக்கிறோம். இந்தச் சின்னச் சின்னத் துண்டு நேரங்களில் படிக்க முடிந்தது நூல் கையில் இருந்ததால்தான். அந்த நேரத்தைத் தங்களால் கூட்டித் தர முடியாது, தெரியும். இருப்பதை எடுத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

வேலையில் இருக்கிறவர்களுக்காக நடத்தப்படும் கல்வி என்றைக்கும் அவர்களுடைய கடிகாரத்தைப் பார்த்துத்தான் தொடங்கியிருக்கிறது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-இல் அரச சாசனம் பெற்று 1971-இல் பாடம் தொடங்கியது. அதன் வகுப்புகளைப் பிபிசி பெரும்பாலும் விடியற்காலையிலும் பின்னிரவிலும் ஒளிபரப்பியது. வேலைக்குப் போவதற்கு முன்பும் வேலை முடித்து வந்த பிறகும் ஒரு தொழிலாளி தன் வீட்டிலேயே கல்லூரிப் பாடம் கேட்க முடிந்தது. 2006 வரை அந்த ஒளிபரப்பு நடந்தது. ஆஸ்திரியாவில் கிரெம்ஸ் நகரத்தில் வேலையில் இருப்பவர்களின் தொடர்கல்விக்கென்றே ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தை 1994-இல் தொடங்கினார்கள். பணியை விடாமல் வந்து படித்துப் போவதற்கு ஏற்றபடி அங்கே பாடத்தைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து நடத்துகிறார்கள்.

நம் நாட்டிலும் அப்படித்தான். 1962-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிக் கல்வி தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரை 1971-இலும், அண்ணாமலை 1979-இலும், சென்னை 1981-இலும் தொடங்கின. 1982-இல் ஆந்திரத்தில் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. அதன் துணைவேந்தர் ஜி. ராம் ரெட்டி, 1985-இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும் முதல் துணைவேந்தரானார். 2002-இல் தமிழ்நாடு தனக்கென ஒரு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைச் சட்டம் போட்டு அமைத்தது. பகல் கல்லூரிக்கு வர முடியாத குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் ஆலைத் தொழிலாளர்களும் தபாலில் வந்த பாடங்களைப் படித்துப் பட்டம் பெற்ற தலைமுறை ஒன்று நம் கண் முன்னால் இருக்கிறது. அவர்களில் பலர் இன்று பிள்ளைகளைப் பொறியாளர்களாக்கி ஓய்வு பெற்றிருக்கிறார்கள். தங்கள் பல்கலைக்கழகமும் இந்த வரிசையில் வந்ததுதான். பகலில் வர முடியாதவர்களுக்காகத் தொடங்கிய ஒன்று, இன்று பகலில் வரச் சொல்கிறது.

தங்கள் தரப்பில் சொல்லக்கூடிய காரணங்களை நானும் யோசித்துப் பார்த்தேன். உதவி மைய ஒருங்கிணைப்பாளரிடமும் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை அறைக் கண்காணிப்பாளர்கள் வர மறுக்கிறார்கள்; கல்லூரிகள் விடுமுறை நாளில் வளாகத்தைத் திறக்கத் தயங்குகின்றன; சிறிய மையங்களில் காப்பியடிப்பது நடக்கிறது; வார இறுதிகளில் மட்டும் நடத்தினால் தேர்வு நீண்டு முடிவு வெளியாவது தள்ளிப்போகிறது. இவற்றில் எதையும் நான் பொய் என்று சொல்லவில்லை. ஆசிரியருக்கும் ஊழியருக்கும் ஞாயிறு வேண்டும் என்பதை, ஞாயிற்றின் அருமை தெரிந்த என்னால் மறுக்க முடியாது. ஆனால் ஒன்றைப் பாருங்கள். 2024 ஜூன் 9 அன்று தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் குரூப் 4 தேர்வை நடத்தியது. அன்று ஞாயிற்றுக்கிழமை. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். மாநிலம் முழுவதும் பள்ளிகளும் கல்லூரிகளும் திறந்திருந்தன, கண்காணிப்பாளர்கள் வந்தார்கள், தேர்வு நடந்தது. இருபது லட்சம் பேருக்குத் திறந்த கதவுகள் ஓசூரில் எங்கள் சில நூறு பேருக்குத் திறக்காது என்றால் எப்படி நம்புவது? அன்று வந்தவர்களுக்குப் படி கொடுத்தார்கள். தாங்களும் கொடுங்கள், ஈடுசெய் விடுப்பும் கொடுங்கள். அதற்காகத் தேர்வுக் கட்டணத்தில் சிறிது கூட்டினாலும் ஐந்து நாள் சம்பளத்தை இழப்பதோடு ஒப்பிட்டால் எங்களுக்கு அது சுமை ஆகாது.

காப்பியடிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதனால் அதிகம் பாதிக்கப்படுவது எங்களைப் போன்றவர்கள்தான். இரவெல்லாம் படித்து எழுதியவளின் பட்டத்தையும், பார்த்து எழுதியவனின் பட்டத்தையும் வேலை கொடுப்பவர் ஒரே கண்ணால்தான் பார்க்கிறார். ‘கரஸ்பாண்டன்ஸ்தானே’ என்று உதட்டைப் பிதுக்குகிறார். ஆகவே பறக்கும் படை அனுப்புங்கள், கேமரா வையுங்கள், முறைகேடு நடந்த மையத்தின் மீது நடவடிக்கை எடுங்கள். நாங்கள் தங்கள் பக்கம் நிற்போம். மையத்தையே எடுப்பது தவறு செய்தவரைத் தண்டிப்பதாகாது. தூரத்திலிருந்து வருகிறவரைத்தான் தண்டிக்கும்.

மேலே எடுக்கும் ஒரு முடிவு கீழே இருப்பவர்களின் ஆண்டுகளை எப்படி விழுங்கும் என்பதைத் தொலைநிலையில் படித்தவர்கள் நன்றாக அறிவார்கள். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முறையாக முடிக்காமல் திறந்தநிலை வழியில் நேரடியாகப் பட்டம் பெற்றவர்களுக்கு அரசுப் பணியில் அந்தப் பட்டம் செல்லாது என்று 2009-இல் அரசாணை எண் 107 சொன்னது. அதற்கு முன்பே ஆண்டுக்கணக்கில் படித்து முடித்திருந்தவர்கள் கையில் சான்றிதழோடு நின்றார்கள். சேர்க்கும்போது சேர்த்துக்கொண்டு, கட்டணமும் வாங்கிக்கொண்டு, முடித்த பிறகு அது உதவாது என்றால் அந்த மனிதர் எங்கே போய் முறையிடுவார்? இன்று தொலைநிலையில் பெறும் பட்டமும் நேரடிக் கல்லூரிப் பட்டமும் சமம் என்று 2022-இல் மானியக் குழு தெளிவாக அறிவித்திருக்கிறது. நல்ல செய்தி. ஆனால் பட்டத்தை எழுதி முடிக்க வழி இருந்தால்தானே அந்தச் சமம் எங்களுக்குப் பயன்படும்?

முடித்தவர்களின் நிலையையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் மையத்தில் படித்து முடித்த அங்கன்வாடிப் பணியாளர் அக்கா ஒருவர், பதவி உயர்வுக்காகப் பட்டத்தின் உண்மைத்தன்மைச் சான்றுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார். தொலைபேசியில் கேட்டால் நேரில் வரச் சொல்கிறார்கள். நேரில் போனால் பிரிவு எழுத்தர் விடுப்பில் இருக்கிறார். அவர் நேரில் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் அங்கன்வாடி மையத்தை மூட வேண்டும், அல்லது உதவியாளரிடம் குழந்தைகளை விட்டுவிட்டுப் போக வேண்டும். வேலை செய்கிறவர்களுக்கான அலுவலகம், வேலை நேரத்தில் மட்டும் திறந்திருந்தால் அந்த மக்கள் எப்போது வந்து கேட்பார்கள்?

ஆகவே நான் கேட்பவை இவை.

வேலைநாள் தேர்வு முடிவை வரும் பருவத்திலிருந்தே நிறுத்தி வையுங்கள். தேர்வுகள் முன்போல ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கட்டும். ஞாயிறு வர முடியாத செவிலியர், நடத்துநர், கடை ஊழியர் போன்றவர்களுக்காக அதே தாளுக்கு வேலைநாளில் இன்னொரு வாய்ப்பும் கொடுங்கள். எதில் எழுதுவது என்பதை விண்ணப்பிக்கும்போதே மாணவர் தேர்ந்தெடுக்கட்டும். வினாத்தாள் இரண்டு தயாரிக்க வேண்டியிருக்கும், தெரியும். தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பருவத்தில் எந்தத் தாளை எழுதுவது என்பதை மாணவரே முடிவு செய்து, தாளுக்குத் தாள் கட்டணம் கட்டி எழுதுகிறார்; மூன்றாண்டுப் பட்டத்தை ஆறு ஆண்டு வரை முடிக்கலாம். அந்த நெகிழ்வை இங்கேயும் கொண்டுவரலாம்.

தேர்வுக் கால அட்டவணையைக் குறைந்தது 45 நாள் முன்னதாக வெளியிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால், ஏற்கெனவே விடுப்பு வாங்கியவர்கள் அந்தத் தாளைக் கட்டணமின்றி அடுத்த முறை எழுத அனுமதியுங்கள். அட்டவணையோடு, பல்கலைக்கழக முத்திரையிட்ட ஒரு கடிதத்தையும் நுழைவுச்சீட்டோடு சேர்த்து இறக்கிக்கொள்ள வழி செய்யுங்கள். இன்ன நாளில் இன்னாருக்குத் தேர்வு, விடுப்பு அளித்து உதவவும் என்று முதலாளிக்கு எழுதிய கடிதம். எங்கள் மேற்பார்வையாளர்களிடம் அது பேசும் அளவுக்கு எங்கள் வாய் பேசாது.

ஓசூர் மையத்தை மீண்டும் திறங்கள். இதே சுற்றறிக்கையில் மூடப்பட்ட மற்ற ஊர்களின் மையங்களையும், அங்கே எத்தனை பேர் படிக்கிறார்கள், எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்த்து மறுபரிசீலனை செய்யுங்கள். மாவட்டத் தலைநகர் என்பது மட்டும் ஒரு மையத்துக்குத் தகுதியாக இருக்கக்கூடாது. தொழிலாளர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே மையம் இருக்க வேண்டும்.

அச்சு நூலை நிறுத்தாதீர்கள். எல்லாருக்கும் அனுப்ப முடியாவிட்டால், சேரும்போதே நூல் வேண்டுமா, மின்பதிப்புப் போதுமா என்று கேளுங்கள். நூல் கேட்பவர்களுக்குப் பருவம் தொடங்கும் முன் அனுப்புங்கள். மின்பதிப்பைப் படிக்கும் தரத்தில் புதிதாகத் தட்டச்சு செய்து ஏற்றுங்கள்.

மாணவர் சேவைப் பிரிவு வாரத்தில் இரண்டு நாளாவது இரவு 8 மணி வரையிலும், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்க வேண்டும். உண்மைத்தன்மைச் சான்று, தற்காலிகச் சான்றிதழ், இடப்பெயர்வுச் சான்றிதழ் ஆகிய மூன்றையும் நேரில் வராமலே இணைய வழியில் விண்ணப்பித்துப் பெற வழி செய்து, எத்தனை நாளில் கிடைக்கும் என்பதை எழுத்தில் அறிவியுங்கள்.

கடைசியாக ஒன்று. தேர்வு நாள், மையம், பாடநூல் ஆகியவற்றை முடிவு செய்யும் குழுவில் படித்துக்கொண்டிருக்கும் மாணவர் இருவருக்கு இடம் கொடுங்கள். இருவரும் வேலையில் இருப்பவர்களாக இருக்கட்டும், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். அந்தக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையிலோ இணைய வழியில் மாலையிலோ நடத்துங்கள்.

இந்தப் பருவத்துக்கான தேர்வுக் கட்டணத்தை அபராதமின்றிக் கட்டுவதற்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது. கட்டுவதா வேண்டாமா என்று என்னோடு படிக்கும் பலர் தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். அந்த நாளுக்கு முன் எழுத்துப்பூர்வமாகப் பதில் தாருங்கள். அதற்குள் முடிவெடுக்க இயலாதென்றால் கட்டணம் செலுத்தும் கடைசி நாளையாவது தள்ளி வையுங்கள்.

இப்படிக்கு,
பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவி,
ஓசூர்.